டேட்டாபேஸ் சர்வர் அடிக்கடி படுத்துவிடுகிறதா? முதலில் அது எப்படி விழுந்தது என்று பாருங்கள்

[திரையில்: திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெரு. காலை நேரக் கூட்டம். ஒரு பில்லிங் கவுண்டரின் கணினித் திரை அசையாமல் நிற்கிறது.]

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடை இருக்கிறது. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி என்று சுற்றுவட்டாரக் கடைகளுக்கெல்லாம் இங்கிருந்துதான் சரக்கு போகிறது. காலை 11 மணி வாக்கில் கடைக்காரரிடமிருந்து போன் வரும். "தம்பி, திரும்பவும் படுத்துடுச்சு." இரண்டு நிமிடத்தில் தானாகவே எழுந்துவிடும். மறுநாள் அதே நேரத்துக்கு அதே போன். அந்த இரண்டு நிமிடத்தில் கவுண்டரில் பத்துப் பேர் காத்திருப்பார்கள். வெளியே மருந்துப் பெட்டிகளோடு டெம்போ நிற்கும்.

அந்த சர்வரில் ஓடுவது மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். அதை வைத்தே சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கும் தேடும் முறை பெரும்பாலும் இதுதான்.

சர்வர் தானாக எழுந்துகொள்கிறது என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உபுண்டு லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் செத்தால், சேவைகளைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி அதை மறுபடியும் கிளப்பிவிடும். நோய் அப்படியே இருக்கும், காய்ச்சல் மட்டும் இறங்கியது போலத் தெரியும். சிலர் இன்னும் ஒரு படி போய், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து ரீஸ்டார்ட் செய்யும் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஒன்றையும் எழுதி வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல மாதம் கழித்து வந்து பார்ப்பவருக்கு, சர்வர் எத்தனை முறை விழுந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

[திரையில்: கறுப்புத் திரையில் "அப்டைம்" கட்டளையின் விடை.]

முதல் கேள்வி: விழுந்தது டேட்டாபேஸ் மட்டுமா, மொத்த மெஷினுமா? "அப்டைம்" என்று அடித்தால் மெஷின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லிவிடும். மெஷினே பத்து நிமிடம் முன்புதான் எழுந்தது என்றால் மைஎஸ்க்யூஎல் மேல் குற்றம் இல்லை. கரண்ட், யூபிஎஸ் பேட்டரி, பவர் சப்ளை, இந்த வரிசையில் பாருங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்ததைப் பார்த்த ஊர் இது. 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் வந்தது. கரண்ட் எந்த நிமிடமும் போகும் என்று எண்ணித்தான் இந்தக் கரையில் ஒரு சர்வரை வைக்க வேண்டும்.

கரண்ட் பேச்சு வந்ததால் இன்னொன்று. "இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிரான்சாக்‌ஷன் கமிட்" என்ற மைஎஸ்க்யூஎல் அமைப்பு (செட்டிங்) இயல்பாக 1-இல் இருக்கும். ஒவ்வொரு பில்லும் பதிவானதும் உடனே டிஸ்க்கில் எழுது என்று அர்த்தம். வேகம் வேண்டும் என்று அதை 2 ஆக்கி வைத்திருந்தால், கரண்ட் போகும்போது கடைசி ஒரு நொடியில் போட்ட பில்கள் காணாமல் போகலாம். பில் போடும் இடத்தில் அது 1-ஆகவே இருக்கட்டும்.

சரி, நம் கடைக்கு வருவோம். மெஷின் 40 நாளாக ஓடிக்கொண்டிருந்தது. ஆக, டேட்டாபேஸ் மட்டும்தான் விழுகிறது.

[திரையில்: எரர் லாக். கடைசி வரிகள் மஞ்சளில்.]

அடுத்தது எரர் லாக், அதாவது மைஎஸ்க்யூஎல் தன் பிழைகளை எழுதி வைக்கும் கோப்பு. எல்லோரும் எழுந்த பிறகு வரும் வரிகளைப் படிக்கிறார்கள். நீங்கள் விழுவதற்கு முன்னால் வந்த கடைசி வரியைப் படியுங்கள். முறைப்படி ஷட்டவுன் ஆனது என்று இருந்தால், யாரோ அல்லது ஏதோ ஒரு தானியங்கி அப்டேட் நிறுத்தியிருக்கிறது. "சிக்னல் 11" என்று போட்டு, அதன் கீழே புரியாத முகவரிகளாக நீளப் பட்டியல் வந்திருந்தால், மென்பொருளில் பிழை அல்லது ரேமில் கோளாறு. அந்தப் பட்டியலை அழிக்காமல் எடுத்து வையுங்கள். கூடவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள்.

மூன்றாவது வகைதான் என்னை அலைக்கழித்தது. லாக்கில் ஒன்றுமே இல்லை. வழக்கமான ஒரு வரி, அடுத்த வரியே "முறையாக மூடப்படவில்லை, மீட்புப் பணி தொடங்குகிறது" என்கிறது. இந்த மௌனமே ஒரு தடயம். தானாக மயங்கி விழுகிறவன் ஒரு சத்தமாவது போடுவான். இதை வெளியிலிருந்து ஏதோ ஒன்று ஒரே அடியில் கொன்றிருக்கிறது. சிக்னல் 9, அதாவது உடனே கொல்லும் கட்டளை, வந்தால் கடைசி வார்த்தை எழுதக்கூட மைஎஸ்க்யூஎல்லுக்கு நேரம் கிடைக்காது.

இங்கே நான் ஒரு நாள் முழுக்க வழி தவறினேன். லாக்கில் நேரம் 05:40 என்று இருந்தது. அதிகாலை 5.30-க்கு ஒரு பேக்கப் ஓடும். அதுதான் காரணம் என்று நினைத்து அதன் நேரத்தை மாற்றினேன். மறுநாளும் 11-க்கு போன் வந்தது. அப்புறம்தான் நேரத்தின் கடைசியில் இருந்த இசட் எழுத்து கண்ணில் பட்டது. மைஎஸ்க்யூஎல் 5.7 முதல் எரர் லாக் இயல்பாகவே யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 05:40 என்றால் இங்கே காலை 11:10. "லாக் டைம்ஸ்டாம்ப்ஸ்" அமைப்பை "சிஸ்டம்" என்று மாற்றிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

[திரையில்: கெர்னல் லாக். ஒரு வரி சிவப்பில்.]

11:10 என்று தெரிந்ததும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் லாகைத் திறந்தேன். ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு கே சேர்த்தால் கெர்னல் சொன்னது மட்டும் வரும். அங்கே இருந்தது: "அவுட் ஆஃப் மெமரி, கில்ட் புராசஸ்", பக்கத்தில் மைஎஸ்க்யூஎல்டி, அதாவது மைஎஸ்க்யூஎல் சர்வரின் பெயர். ரேம் தீர்ந்து மெஷினே நின்றுவிடும் நிலை வந்தால், லினக்ஸ் யாரையாவது பலி கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றும். அதிகம் ரேம் பிடித்திருப்பவரைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். டேட்டாபேஸ் ஓடும் மெஷினில் அது யார் என்று சொல்லவே வேண்டாம்.

[திரையில்: வெள்ளைத் தாளில் பேனாவால் கணக்கு.]

இனி கணக்கு. மொத்த ரேம் 4 ஜிபி, அதாவது 4096 எம்பி. மைஎஸ்க்யூஎல் டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடமான பஃபர் பூலுக்கு 3072 எம்பி கொடுத்திருந்தார்கள். ரேமில் 80 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று எங்கோ படித்திருக்கலாம். அந்த அறிவுரை டேட்டாபேஸ் மட்டுமே ஓடும் மெஷினுக்கு. இங்கே பில்லிங் புரோகிராமை ஓட்டும் பிஎச்பி-யும் அதே வீட்டில் குடியிருக்கிறது.

அதோடு வரிசைப்படுத்தும் வேலைக்கான ரேமான சார்ட் பஃபர் 32 எம்பி. இயல்பான அளவு 256 கேபிதான். இது மொத்தத்துக்கு ஒன்று என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, டேட்டாபேஸோடு இணைந்து வரிசைப்படுத்தும் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் அவ்வளவு வரை போகலாம். காலை 11 மணிக்கு எல்லாக் கவுண்டரிலும் காலாவதியாகப் போகும் மருந்துகளின் ரிப்போர்ட்டைத் திறக்கிறார்கள். 40 கனெக்‌ஷன், தலைக்கு 32 எம்பி என்றால் 1280 எம்பி. 3072-உடன் கூட்டினால் 4352. பிஎச்பி-யையும் லினக்ஸையும் சேர்க்காமலே ரேமைத் தாண்டியாயிற்று.

பஃபர் பூலை 1536 எம்பி ஆக்கினேன். சார்ட் பஃபரை 256 கேபிக்குத் திருப்பினேன். மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 500 என்று இருந்ததை 80 ஆகக் குறைத்தேன். அதன் இயல்பான அளவே 151தான். பிறகு அந்த ரிப்போர்ட்டின் குவெரிக்கு (டேட்டாபேஸிடம் அது கேட்கும் கேள்விக்கு) எக்ஸ்பிளெய்ன், அதாவது அது எப்படி ஓடுகிறது என்று காட்டும் கட்டளை, போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் முழு டேபிளையும் படித்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. காலாவதித் தேதி மேல் ஒரு இண்டெக்ஸ் (வரிசைப்படுத்தி வைத்த தேடல் பட்டியல்) வைத்ததும் வரிசைப்படுத்தும் வேலையே இல்லாமல் போய்விட்டது. எனக்குப் பிடித்த திருத்தம் இதுதான். மற்றவையெல்லாம் இருக்கும் இடத்தைப் பிரித்துக் கொடுப்பவை, இது தேவையையே குறைத்தது.

[திரையில்: சிவப்பு எச்சரிக்கைப் பலகை.]

இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி என்ற மீட்பு அமைப்பு பற்றி எச்சரிக்காமல் போக மனம் வரவில்லை. சர்வர் எழவே மறுக்கும்போது இதை 1 முதல் 6 வரை வைக்கலாம். 4 அல்லது அதற்கு மேல் வைத்தால் டேட்டா நிரந்தரமாகக் கெடக்கூடும். எனவே முதலில் டேட்டா கோப்புகளை அப்படியே வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். 1-இல் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறுங்கள். எழுந்ததும் டம்ப் (மொத்த டேட்டாவின் ஏற்றுமதிக் கோப்பு) எடுத்துக்கொண்டு புது சர்வரில் ஏற்றுங்கள். அந்த நிலையிலேயே வைத்துக் கடை நடத்தாதீர்கள்.

[திரையில்: அமைப்புக் கோப்பு. ஒவ்வொரு மாற்றத்துக்கு மேலும் தேதியோடு தமிழில் ஒரு குறிப்பு.]

மாற்றிய மறுநாள் 10.45-க்கே கடைக்குப் போய் ரேம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஃப்ரீ கட்டளையைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். 11 மணிக்கு ரிப்போர்ட்டுகள் திறந்தன. ரேமில் இன்னும் 900 எம்பிக்கு மேல் மிச்சம் இருந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, இன்னைக்கு விழலையா?" என்றார். "இல்லைண்ணே," என்றேன். டீ வரவழைத்துவிட்டு, கவுண்டரில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.