பனைமரம் வந்தாச்சு! சல்யூட் மேசைக்குக் கடைசிக்கட்ட வேலை

வணக்கம் மக்களே! பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் இதைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், ஃபோகஸ் ஆகட்டும்... ஆயிற்றா? பனைமரம்! தென்னை இல்லை, பேரீச்சை இல்லை, கேக் மேல் செருகி வைக்கிற பிளாஸ்டிக் மரமும் இல்லை. நம்ம ஊர் ஏரிக்கரையில் நிற்கிற அதே பனை. கறுத்த தண்டு, உருண்டைத் தலை, அதற்குக் கீழே காய்ந்து தொங்குகிற காவோலை, எல்லாம் இருக்கிறது. உயரம் 22 சென்டிமீட்டர். 28 மில்லிமீட்டர் சிப்பாய்ப் பொம்மையைப் பக்கத்தில் நிறுத்துகிறேன், பாருங்கள். எப்படி இருக்கிறது?

போன வீடியோவுக்குக் கீழே ஒருத்தர் "அக்கா, ஒரு மரத்துக்கு இவ்வளவு அலட்டலா" என்று கேட்டிருந்தார். ஆமாம் தம்பி, அலட்டல்தான். இன்றைக்கு முழுக்க அதுதான் பேசப்போகிறேன். பிடிக்காதவர்கள் ராக்கெட் வருகிற இடத்துக்குத் தள்ளிவிட்டுப் போகலாம்.

ஏப்ரலில் லண்டன் எக்செல் அரங்கில் சல்யூட். தெற்கு லண்டன் வார்லார்ட்ஸ் கிளப் 1972-ல் தொடங்கிய கண்காட்சி. மேசையில் சிப்பாய்ப் பொம்மைகளை வைத்து இங்கே மினியேச்சர் போர் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு திருவிழா. மற்ற கிளப்புகளெல்லாம் ஆளுக்கொரு மேசை கொண்டுவந்து போடும். எங்கள் கிளப் இந்தத் தடவை போடுவது புள்ளலூர்ப் போர், 1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், ஹைதர் அலியும் திப்புவும் சேர்ந்து கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை வளைத்து அடித்த சண்டை.

இதற்குச் சம்மதம் வாங்கினதே தனிக் கதை. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு வாட்டர்லூவை விட்டால் உலகத்தில் வேறு போரே நடக்கவில்லை. வாட்டர்லூவைக் குறை சொல்லவில்லை, ஆனால் ஹாலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே நீலக் கோட்டு, அதே சிவப்புக் கோட்டு. நான் புள்ளலூர் என்றதும் செயலாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "ராக்கெட் உண்டு" என்றேன். அவ்வளவுதான், எல்லாக் கையும் மேலே போய்விட்டது. ராக்கெட் என்றால் எழுபது வயதுக்காரருக்கும் பத்து வயது ஆகிவிடுகிறது.

சரி, மரம். போரின் நிலப்பரப்புக்கு மரம் வேண்டும் என்று முடிவானதும் ஒருத்தர் பெரிய மனசோடு "என்னிடம் பாம் மரம் இருக்கிறது" என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். திறந்தால் பேரீச்சை. எகிப்தில் நெப்போலியன் மேசைக்கு வாங்கினதாம். சரி, நானே வாங்குகிறேன் என்று இணையத்தில் ஒரு கடையில் 'இந்திய மரம்' என்று போட்டிருந்ததை ஆர்டர் செய்தேன். வந்தது என்ன? வளைந்த தென்னை, கிளிப்பச்சை ஓலை. அடியில் ஒரு ஊஞ்சல் கட்டினால் சுற்றுலா விளம்பரம்! காஞ்சிபுரத்துப் பக்கம் பனை இல்லாத ஏரிக்கரையை யாராவது காட்டட்டும், நான் இந்தச் சேனலை மூடிவிடுகிறேன். மாநில மரம் ஐயா அது. 'பின்னணிதானே, யார் பார்க்கப்போகிறார்கள்' என்று கிளப்பில் சொன்னார்கள். நான் பார்ப்பேனே!

அப்புறம்தான் நானே செய்வது என்று உட்கார்ந்தேன். தண்டுக்கு 8 மில்லிமீட்டர் மர உருளைக் குச்சி. கபாப் குச்சி எல்லாம் வேண்டாம், அந்த மெலிசுக்குக் கமுகு மாதிரி ஆகிவிடும். குச்சியை விரலில் உருட்டிக்கொண்டே பழைய ரம்பத் தகட்டால் சுற்றிச் சுற்றிக் கீறினால் மட்டை விழுந்த தழும்பு வந்துவிடும். மேலே கரும்பழுப்பு, அது காய்ந்ததும் வெளிர்சாம்பல் ட்ரை பிரஷ், அதாவது பெயின்டைத் துடைத்துவிட்டுக் கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது. பள்ளங்களில் இறங்கி நிழல் காட்டுகிற நீர்த்த மை, என் உயிர் நண்பன் கறுப்பு வாஷ், எப்போதும் போலக் கடைசியில்.

ஓலைதான் தலைவலி. பனை ஓலை விசிறி இல்லையா? வட்டமாகக் காகிதம் வெட்டி, நடுவில் மடித்து, ஓரமெல்லாம் கீற வேண்டும். ஒரு மரத்துக்கு இருபதுக்கு மேல் ஓலை. கையால் வட்டம் வெட்டினால் சல்யூட் முடிந்து அடுத்த சல்யூட்டும் வந்துவிடும். அதனால் ஒரு இஞ்சு வட்டம் வெட்டுகிற பஞ்ச் தேடிப் போனேன். கைவினைப் பொருள் விற்கிற கடையில் விலை 18 பவுண்டு! ஒரு வட்டம் வெட்டுவதற்கு! அந்தக் காசுக்கு ஒரு பெட்டி பிளாஸ்டிக் சிப்பாயே கிட்டத்தட்ட வாங்கிவிடலாம். கையில் எடுப்பதும் வைப்பதுமாக நின்றேன், கடைப் பையன் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். வாங்கவில்லை. வீம்புதான்.

இப்போது கேளுங்கள். சனிக்கிழமை காய்கறி வாங்கப் போகிற வழியில் ஒரு சாரிட்டி ஷாப். எதேச்சையாக உள்ளே போனேன். கண்ணாடிக் கிண்ணம், பழைய ஜிக்சா, அதற்கு நடுவில் அதே பஞ்ச், அதே ஒரு இஞ்சு, உறைகூடப் பிரிக்கவில்லை. ஒன்றரைப் பவுண்டு! ஒன்றரை! கடையில் இருந்த பாட்டியம்மாவிடம் "இதன் விலை உங்களுக்குத் தெரியுமா" என்று கேட்கப் போய் வாயை மூடிக்கொண்டேன். எதற்கு வம்பு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய பில்களில் நாலைந்தை வட்டமாக வெட்டித் தள்ளினேன். ஸ்க், ஸ்க் என்று அந்தச் சத்தம் இருக்கிறதே!

இன்னொன்று. ஓரம் கீறுவதற்குக் கொத்தமல்லி நறுக்குகிற ஐந்து அலகுக் கத்தரிக்கோல். ஒரே வெட்டில் ஐந்து கீறல், இடைவெளியும் சீராக வருகிறது. சமையலறையில் சும்மா கிடந்ததுதான், வாங்கின நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கொத்தமல்லிக்கு எடுத்ததில்லை. மட்டைக்குப் பூக்கடைக்காரர்கள் சுற்றுகிற காகிதம் போட்ட கம்பி. தொங்குகிற காவோலைக்குத் தேங்காய் நார், பழுப்பும் சாம்பலும் கலந்து சாயம்.

ஆ, அடிப்பாகம் சொல்லவே இல்லை பாருங்கள். தண்டு ஒட்டுவதற்கு முன்னாலேயே அடியில் 2 பென்ஸ் நாணயம் ஒட்டிவிடுங்கள். 1992-க்கு அப்புறம் வந்ததாகப் பார்த்து எடுங்கள். அதற்கு முன்னால் உள்ளது வெண்கலம், காந்தத்தில் ஒட்டாது. பிறகு வந்ததில் பெரும்பாலானது உள்ளே இரும்பு, மேலேதான் செம்பு. பொம்மைகளை எடுத்துப்போகிற என் சிவப்புப் பெட்டிக்குள் காந்தத் தகடு போட்டிருப்பது உங்களுக்குத் தெரியும், நாணயம் அதில் கப்பென்று பிடித்துக்கொள்ளும். எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) வட்டம் காசு கொடுத்து வாங்குவதைவிட இது மலிவு, கனமும் இருக்கிறது.

பெட்டியில் ஒரே பிரச்சினை உயரம். மரத்தை நிறுத்தினால் மூடி மூடவில்லை. அதனால் தலையைத் தனியாகக் கழற்றுகிற மாதிரி செய்திருக்கிறேன். தண்டின் உச்சியில் 3 மில்லிமீட்டர் காந்தம், தலைக்கு அடியில் இன்னொன்று. இதோ, டக். மறுபடி, டக். வட துருவம் தென் துருவம் பார்த்து ஒட்ட வேண்டும், தலைகீழாக ஒட்டினால் தலை எகிறிப் பறக்கும். ஒவ்வொரு காந்தத்திலும் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மாடும் இருக்கிறது. பெய்லியின் பீரங்கிகளை இழுத்தது காளைகள். எங்களுக்குக் கிடைத்த மாட்டுப் பொம்மை ஐரோப்பிய மாடு, முதுகு பலகை. திமில் எங்கே? கிரீன் ஸ்டஃப் என்கிற, பிசைந்தால் இறுகுகிற இருநிறப் புட்டியில் நீலமும் மஞ்சளும் சமமாகப் பிசைந்து, பட்டாணி அளவு உருட்டி, கழுத்துக்குப் பின்னால் வைத்து, ஈர விரலால் நீவிவிட்டால் திமில். விரலை நனைக்காமல் தொட்டால் திமில் விரலோடு வந்துவிடும். அவ்வளவுதான், அதற்கு மேல் மாட்டில் ஒன்றும் இல்லை.

இதற்கு நடுவில் சட்டைப் பஞ்சாயத்து. கடைகளில் கிடைக்கிற மைசூர் காலாட்படை பெரும்பாலும் புலிக்கோடு போட்ட சட்டையில்தான் இருக்கும். ஒரு உறுப்பினர், பொத்தான் எண்ணுகிற ரகம், "புலிக்கோடு திப்புவின் ஆட்சிக்கு உரியது, 1780-ல் ஹைதர் அல்லவா ஆட்சி செய்தார், அவர் இறந்தது 1782 டிசம்பர்" என்று எழுந்து நின்றார். சரியான பேச்சுதான். ஆனால் இருநூறு பேருக்கு மறுபடி பெயின்ட் அடிக்க அவர் வருவாரா? மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் கோடே தெரியாது. "அப்படியானால் பனையும் தெரியாதே" என்றார் அவர். மரம் வேறு, சட்டை வேறு! முன்வரிசைக்கு மட்டும் கோட்டை அழித்துவிடுவது என்று ஒப்பந்தம். பெய்லி பக்கத்து ஸ்காட்லாந்துக் காலாட்படை கில்ட் பாவாடை கட்டினதா, கால்சட்டை போட்டதா என்பது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் நான் தலையிடுவதில்லை.

இப்போது ராக்கெட், வெடி. மேசையின் உயிரே அதுதான். மைசூர் ராக்கெட்டின் சிறப்பு அதன் இரும்புக் குழாய். ஐரோப்பாவில் அப்போது காகித அட்டை ராக்கெட்தான், இரும்புக்குள் மருந்தை அடைத்ததால் இவர்களுடையது வெகுதூரம் போனது. எங்கள் விதி: ஒரு பகடை திசைக்கு, ஒரு பகடை தூரத்துக்கு, 1 விழுந்தால் ஏவினவன் பக்கமே திரும்பும். நேராகக் குறிவைக்கிற ஆயுதம் இல்லை அது, கூட்டத்தையும் குதிரையையும் கலைக்கிற ஆயுதம். பின்னால் கம்பியில் பஞ்சு சுற்றிய புகைவால்.

பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தது சண்டையின் திருப்புமுனை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் பாக் மாளிகைச் சுவரோவியத்தில் அதைப் பார்க்கலாம்: சதுரமாக நிற்கிற சிவப்புக் கோட்டுப் படை, நடுவில் பல்லக்கில் பெய்லி, பக்கத்தில் வண்டி தீப்பிடித்துச் சிதறுகிறது. அந்த ஓவியத்தின் காகிதப் பிரதி ஒன்று 2022-ல் இங்கே லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. நான் வட்டம் வெட்டுகிற பஞ்ச் கருவிக்கே 18 பவுண்டு கொடுக்காதவள், காந்தம் ஒட்டின போஸ்ட்கார்டு அளவுப் படம் ஒன்றை மேசை ஓரத்தில் நிறுத்துகிறேன். வெடிக்கு, மினுக்கும் எல்இடி மெழுகுவத்தி மேல் பஞ்சைப் பிய்த்து ஒட்டி, உள்பக்கம் ஆரஞ்சு, வெளிப்பக்கம் கறுப்பு ஸ்ப்ரே. நான் ஸ்ப்ரேயை எவ்வளவு வெறுக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பால்கனியில் காற்று வேறு. இருந்தாலும் அடித்தேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன், மன்றோ! பக்சார் போரில் ஜெயித்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து பெய்லி பல நாள் மறுகரையில் மாட்டிக்கொண்டார், கடந்து வந்தபிறகும் மன்றோ தன் படையோடு போய் அவரைச் சேரவில்லை. கர்னல் ஃப்ளெட்சரோடு ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். பெய்லி தோற்ற செய்தி வந்ததும் கனமான பீரங்கிகளைக் கோயில் ஊர்க் குளத்தில் தள்ளிவிட்டு மதராஸுக்குத் திரும்பினார். அதனால் மேசையின் ஓரத்தில் ஒரு குளம் வைக்கிறோம், தண்ணீருக்குள் ஒரு பீரங்கி வாய் மட்டும் தெரியும். கேட்கிறவர்களுக்கு மட்டும் கதை சொல்வோம்.

அடுத்த வருஷத்துக்கும் துண்டு போட்டுவிட்டேன். இதே புள்ளலூரில்தான் மகேந்திரவர்ம பல்லவன் எதிரிகளை முறியடித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது, எதிரி இரண்டாம் புலிகேசி என்பது வரலாற்றாசிரியர்கள் கணிப்பு. மரம் தயாராக இருக்கிறது, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போனாலும் பனை பனைதான். செயலாளர் "ராக்கெட் இல்லையே" என்றார். யானை உண்டு என்றேன். யோசிக்கிறார்.

வருகிறவர்களுக்கு: எலிசபெத் லைனில் கஸ்டம் ஹவுஸ், இறங்கினால் எதிரிலேயே எக்செல். நேரம் மிச்சம் இருந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உல்விச் போய்வாருங்கள், மைசூரில் பிடித்த ராக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்து சோதித்தது அங்கே இருந்த ராயல் ஆர்சனலில். ஒரே ரயில், ஒரே ஸ்டேஷன். எங்கள் மேசை எண் இன்னும் வரவில்லை, வந்ததும் கம்யூனிட்டி போஸ்டில் போடுகிறேன். ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரம், பிள்ளைகளும் ஆடலாம், ராக்கெட் பகடையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

"பெய்லி பக்கம் எடுத்தால் ஜெயிக்க வழியே இல்லையா" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். உண்டு. எட்டு சுற்று வரைக்கும் சதுரம் கலையாமல் நின்றால் ஆட்டத்தில் வெற்றி அவருக்கு. செவ்வாய்க்கிழமை சோதனை ஆட்டத்தில் எங்கள் ஸ்காட்லாந்துக்காரர் பெய்லியாக ஆடினார், ஆறாவது சுற்றில் ஒரு ராக்கெட் வழிதவறி நேராக வெடிமருந்து வண்டியில் போய் விழுந்தது. அந்தப் பகடையை உருட்டினது நான். மனிதர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேசைக்கு வந்தால் அவரிடம் அதைக் கேட்டுவிடாதீர்கள், பகடை சாய்ந்துதான் நின்றது என்று அரை மணி நேரம் விளக்குவார், பின்னால் வரிசை நின்றுவிடும். சரி, பசை பாட்டிலைத் திறந்தே வைத்திருக்கிறேன். வரட்டுமா!