கொழிஞ்சாம்பாறை வ்லாக்: அடுப்பை நம்பி கடை சேர்க்கிற அண்ணன்

வணக்கம் மக்களே. கொழிஞ்சாம்பாறையில் இருந்து பேசுகிறேன். பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. போர்டில் மலையாளம் இருக்கும், கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழாக இருக்கும். வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகக் கோயம்புத்தூர், பொள்ளாச்சிக்காரர்கள் சாப்பிட வருகிற ஊர். இங்கே சாப்பாட்டுக் கடை, கள்ளுக்கடை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வருகிற ஒரு அண்ணனைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. பேரும் முகமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரி, அவருடைய சமையல்கட்டைக் காட்டுகிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் ஆரம்பித்தவர். அப்புறம் குடும்பத்தோடு உட்காருகிற மாதிரி ஒரு ஓட்டல். கள்ளுக்கடை அதற்குப் பிறகுதான், அதுவும் கூட்டாளிகளோடு சேர்ந்து. இந்த வரிசை ரொம்ப முக்கியம், ஏன் என்று சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 1987இல் இருந்து கள்ளுக்குத் தடை. கேரளாவில் லைசன்ஸ் எடுத்து நடத்தலாம். ஆனால் "இந்த முக்கில் எனக்கு ஒரு கடை கொடுங்க" என்று கேட்டு வாங்க முடியாது. எக்சைஸ் ரேஞ்சில், அதாவது மதுவைக் கவனிக்கிற எக்சைஸ் துறை பிரித்து வைத்திருக்கிற வட்டாரத்தில், இருக்கிற சில கடைகளை ஒன்றாகச் சேர்த்து, குரூப்பாகத்தான் தருவார்கள். ஒரே குரூப்புக்குப் பல பேர் கேட்டால் குலுக்கல். ஆக, ஓடுகிற கடையும் உங்கள் தலையில், ஈ ஓட்டுகிற கடையும் உங்கள் தலையில். தொழிலாளிகளுக்குக் கள் தொழிலாளர் நல நிதி கட்ட வேண்டும், அந்தச் சட்டம் 1969இலேயே வந்துவிட்டது. நல்ல கடையில் வருகிற காசு சோர்ந்த கடையைத் தாங்க வேண்டும். வெறும் கள்ளை ஊற்றிக் கொடுத்து இது கட்டுபடி ஆகாது என்பது அண்ணன் கணக்கு. கூட உட்கார்ந்து கேட்டேன், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

கள்ளைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் இது இன்னும் தெளிவாகும். தென்னம்பாளையைக் கட்டி, தட்டி, நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயத்தைக் கட்டி விடுகிறார்கள். சொட்டுகிற நேரத்தில் இருந்தே புளிக்க ஆரம்பித்துவிடும். காலையில் இறக்கினது இனிப்பாக இருக்கும், சாயங்காலம் காரம் ஏறியிருக்கும், வைத்துவிட்டால் காடிதான். ஸ்டாக் வைக்கிற சரக்கு இல்லை. சித்தூர் தாலுகாவில் இருந்துதான் கேரளாவில் மற்ற ஜில்லாக்களுக்கும் பெர்மிட்டோடு வண்டி வண்டியாகக் கள் போகிறது. இங்கே கடை வைத்திருப்பவருக்கு அந்த ஓட்டம் மிச்சம், தோப்பு பக்கத்திலேயே இருக்கிறது. அண்ணன் திருச்சூருக்கோ எறணாகுளத்துக்கோ போகாமல் இந்த வட்டாரத்துக்குள்ளேயே கடை சேர்ப்பதற்கு அதுதான் காரணம். காலையில் பைக் எடுத்தால் மதியத்துக்குள் எல்லாக் கடையிலும் தலையைக் காட்டிவிடலாம்.

இதோ, சமையல்கட்டு. இந்த அக்காதான் இங்கே எல்லாம். கப்பைக் கிழங்கைப் பாருங்க, நம்ம மரவள்ளிதான், மஞ்சள் போட்டு வேகவைத்து, முதல் தண்ணியை முழுக்க வடித்துவிட்டார். இப்போது தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், ரெண்டு பல் பூண்டு அரைத்ததைக் கொட்டி மத்தால் மசிக்கிறார். முழுக்க மசிக்கவில்லை, அங்கங்கே கட்டி தெரிகிறது பாருங்க, வாயில் அது தட்டுப்பட வேண்டும். பக்கத்துச் சட்டியில் குடம்புளி போட்ட மத்திக் குழம்பு. நேற்று ராத்திரி வைத்தது, இன்றைக்குத்தான் ருசி இறங்கியிருக்கும். அந்தக் கடைசி அடுப்பில் போட்டி வறுவல், அதாவது குடல் வறுவல். அதில் சின்ன வெங்காயமும் மிளகும் நம்ம கொங்குப் பக்கத்துக் கைமணம், தேங்காய்ப் பல் போடுவது இந்த ஊர் வழக்கம். எல்லையில்தான் இப்படி ஒரு வறுவல் கிடைக்கும், ரொம்பப் பிடித்திருக்கிறது எனக்கு.

எல்லாக் கடைக்கும் மசாலா இந்த ஒரு இடத்தில்தான் அரைக்கிறார்கள். மீனும் கறியும் அந்தந்தக் கடையில் அன்றன்றைக்குச் சமைப்பது. புதுக் கடை திறந்தால் அங்கே போய் அடுப்பைப் பிடிக்கிற ஆள் முதலில் இந்த அக்காவிடம் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். ஆள் தயாராகாமல் கடை திறப்பதில்லை. நிறையப் பேர் இண்டீரியருக்குக் காசைக் கொட்டிவிட்டு மாஸ்டரைக் கடைசி வாரத்தில் தேடுவார்கள், அந்தக் கடைகள் எப்படி முடிந்தன என்று இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

சரி, சமையலுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? கேரளாவில் மது வியாபாரம் அரசாங்கக் கொள்கை மாறினால் ஒரே ராத்திரியில் மாறிவிடும். 2014இல் ஃபைவ் ஸ்டார் ஓட்டலுக்கு மட்டும்தான் பார் என்று முடிவு வந்தது, நூற்றுக்கணக்கான பார்களில் ஷட்டர் இறங்கியது. 2015 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதைச் சரி என்றது. 2017இல் திரும்பவும் த்ரீ ஸ்டார் வரைக்கும் கொடுத்தார்கள். அதே வருஷம் ஏப்ரல் 1இல் இருந்து, ஹைவேக்கு 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்ற கோர்ட் உத்தரவு அமலுக்கு வந்தது. ரோட்டோரம் என்றுதானே இடம் பிடிப்போம்? அந்த இடமே வினையாகிப் போனது பல பேருக்கு. அந்தச் சமயத்தில் பிரியாணியும் மீன் சாப்பாடும் நன்றாக ஓடிய இடங்களுக்கு மூச்சு விட ஒரு வழி இருந்தது. குடியை மட்டும் நம்பி வாடகை கொடுத்தவர்களுக்கு அதுவும் இல்லை. லைசன்ஸ் போனாலும் மறுநாள் காலையில் இலை போட முடிகிற இடத்தைத்தான் எடுப்பேன் என்கிறார் அண்ணன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஓட்டல் தனிக் கட்டிடம், வாசலும் வேறு. அங்கே கள் கிடையாது, குழம்பு மட்டும் அதே குழம்பு. ஞாயிற்றுக்கிழமை பாட்டியில் இருந்து பேரன் வரைக்கும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடுதான் எல்லாவற்றையும் விட மனசுக்குப் பிடித்தது. நல்ல மத்திக் குழம்பு சாப்பிடக் கள்ளுக்கடைக்குள் போக வேண்டிய அவசியம் இந்த ஊர்ப் பெண்களுக்கு ஏன் இருக்க வேண்டும்?

வருகிறவர்களுக்கு மூணு விஷயம். கேரளாவில் 23 வயசு ஆகாமல் மது வாங்க முடியாது, கேட்காதீர்கள். கள்ளைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு செக்போஸ்ட் தாண்டாதீர்கள், தமிழ்நாட்டில் அது குற்றம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், ஜெயிலும் உண்டு. ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு ஒரு தட்டுக் கப்பையும் மீன் குழம்பும் வாங்கிக் கொடுங்கள். மதியத்துக்குள் வந்துவிடுங்கள், போட்டி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.