தராசுக்கும் ரிங்குக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம்.

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ என்று எந்தப் போட்டி நடந்தாலும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாரே ஒருவர், எடை குறித்துக்கொண்டு, யாரோடு யார் மோதுவது என்று டிரா போட்டுக்கொண்டு, மைக்கில் பெயர் கூப்பிட்டுக்கொண்டு? இருபது வருஷமாக அந்த ஆள் நான். குத்து வாங்கியதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. ஆனால் ஒரு வீரர் எந்த நேரத்தில் தோற்க ஆரம்பிக்கிறார் என்பது அந்த மேசையிலிருந்து நன்றாகத் தெரியும். பல சமயம் அவர் ரிங்கில் ஏறும் முன்பே அது ஆரம்பித்துவிடுகிறது.

பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஆகஸ்ட் 6 அன்று 50 கிலோ பிரிவில் ஒரே நாளில் மூன்று பேரை வென்றார். முதலில் வந்தவரே ஜப்பானின் யுயி சுசாகி, டோக்கியோவில் தங்கம் வாங்கியவர். அடுத்து உக்ரைன், அதற்கடுத்து கியூபா. மறுநாள் இறுதிப் போட்டி. காலையில் தராசு 100 கிராம் கூடுதலாகக் காட்டியது. தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, பட்டியலில் கடைசி இடம்.

அந்த 100 கிராமைப் பற்றி நாடே பேசிவிட்டது. நான் பேச வந்தது கால அட்டவணையைப் பற்றி. 2017 வரை மல்யுத்தத்தில் ஒரு எடைப் பிரிவின் போட்டிகள் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். முந்தின நாள் மாலை ஒருமுறை எடை பார்ப்பார்கள், அவ்வளவுதான். 2018 முதல் ஒரு பிரிவை இரண்டு நாளாக்கி, இரண்டு காலையிலும் எடை என்று மாற்றினார்கள். ஆக, முதல் நாள் மூன்று முறை மோதத் தெம்பு வேண்டும், அதற்குத் தண்ணீரும் சாப்பாடும் வேண்டும். சாப்பிட்டதை எல்லாம் ஒரே ராத்திரியில் உடம்பிலிருந்து இறக்கவும் வேண்டும். அன்று மாலை வினேஷின் எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. தூங்காமல் வியர்க்க வைத்தார்கள், கடைசியில் தலைமுடியைக்கூட வெட்டினார்கள். தராசு விட்டுக்கொடுத்திருந்தாலும், தூக்கமில்லாத, வறண்ட உடம்போடு இறுதிப் போட்டியில் எப்படி நின்றிருப்பார்? எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

போட்டி நாளன்றே எடை பார்ப்பது கொடுமை என்று சொல்ல வரவில்லை. அதற்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1997 கடைசியில், எடை குறைக்கும் முயற்சியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகே அங்கே எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். இடைவெளி அதிகம் இருந்தால் ஆட்கள் அளவுக்கு மீறி உடம்பைப் பிழிவார்கள், குறைந்தால் துணிய மாட்டார்கள் என்ற கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் இரண்டாவது நாள் காலை அந்தக் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

எடை மட்டுமல்ல, ஓய்வும் இப்படித்தான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவ் ஜப்பானின் இஷியோடு நெடுநேரம் மோதித் தோற்றார். மூச்சு வாங்கும் முன்பே சோவியத் வீரரோடு மோதக் கூப்பிட்டுவிட்டார்கள். இடையில் அரைமணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்ல நம் அதிகாரி ஒருவர்கூட அங்கே இல்லை என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். வெண்கலத்தோடு திரும்பினார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. பின்னாளில் டெல்லியில் ஓர் உள்ளரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2018 நவம்பரில் பெண்கள் உலகக் குத்துச்சண்டை அந்த அரங்கில்தான் நடந்தது. டெல்லியின் புகைமூட்டத்துக்குப் பேர்போன மாதம்! வெளிநாட்டு வீராங்கனைகள் முகமூடி போட்டுக்கொண்டு நடமாடினார்கள். யார் அந்தத் தேதியைக் குறித்தார்களோ!

1988 சியோல் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் நடந்தது இன்னும் விசித்திரம். ஆட்கள் அதிகம் என்று ஒரே அரங்கில் இரண்டு ரிங் போட்டார்கள். அமெரிக்கரான ஆண்டனி ஹெம்ப்ரிக்கின் பயிற்சியாளர் அட்டவணையைத் தவறாகப் படித்துவிட, அவர் வந்து சேர்வதற்குள் எதிராளிக்கு வெற்றி கொடுத்தாயிற்று. ஒரு குத்துகூட விடாமல் அவருடைய ஒலிம்பிக் முடிந்தது. இன்னொரு நாள், பக்கத்து ரிங்கின் மணிச் சத்தத்தைத் தன் சுற்று முடிந்த மணி என்று நினைத்து ஒரு கொரிய வீரர் திரும்ப, எதிரே நின்ற அமெரிக்கர் டாட் ஃபாஸ்டர் அடித்து வீழ்த்திவிட்டார். அந்த மோதல் செல்லாது என்று அன்றைக்கே இருவரையும் மறுபடி மோதவிட்டார்கள்.

சியோல் வரை போவானேன்? சில வருஷத்துக்கு முன்னால் ஓர் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான குத்துச்சண்டை. காலை ஆறு மணிக்கு எடை. எட்டு மணிக்கு முதல் மோதல் என்றோம். சிறப்பு விருந்தினர் வந்தது பதினொன்றரைக்கு. குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முடிய ஒரு மணி. முதல் நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் எடைக்கு வந்த பையன்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போ கூப்பிடுவார்கள், இப்போ கூப்பிடுவார்கள் என்று நாலைந்து தடவை வார்ம்-அப் செய்து அதிலேயே களைத்துவிட்டார்கள். கைக்குக் கட்டிய துணியைச் சிலர் மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார்கள். ஒரு பையன் இரண்டாவது சுற்றில் கையையே தூக்க முடியாமல் நின்றான். "அடிடா, அடிடா" என்று அவன் அப்பா கத்திக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி என் கையில் இருந்தது. அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். போட்டிக்கு வைக்கும் அதே தராசை முதல் நாள் மாலையே பிள்ளைகள் ஏறிப் பார்க்க வைத்துவிடுகிறோம். வீட்டுத் தராசும் எங்கள் தராசும் ஒத்துப்போகாததால் ராத்திரியெல்லாம் பயந்துபோய் ஓடுகிற கூட்டம் குறைந்தது. எடை முடிந்த இடத்திலேயே இட்லியும் வாழைப்பழமும் தண்ணீரும். அடுத்த மூன்று ஜோடியின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம், அதைப் பார்த்துத்தான் வார்ம்-அப். தொடக்க விழாவை மாலைக்குத் தள்ளிவிட்டோம். முதல் வருஷம் பெரிய மனிதர்கள் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பரிசைத் தங்கள் கையால் கொடுக்கலாம் என்றதும் சமாதானமாகிவிட்டார்கள்.

நன்றி, வணக்கம்.