கறுப்புப் பட்டை இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

மர்மதேசம், சித்தி, அதற்கும் முன்னால் தூர்தர்ஷனில் வந்த மால்குடி டேஸ், ராமாயணம், மகாபாரதம். இவற்றில் ஒன்றையாவது சமீபத்தில் புது டிவியில் போட்டுப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்: "அப்போ எவ்வளவு நல்லா இருந்துச்சு, இப்போ ஏன் இப்படி இருக்கு?" முகமெல்லாம் உப்பலாக, ஆட்கள் குட்டையாக, கைகால் ஆட்டினால் ஓரமெல்லாம் கோடு கோடாக.

தொடரைத் திட்டுவதற்கு முன்னால் ரிமோட்டைக் கையில் எடுங்கள் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு. பாதிக்கு மேல் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

முதலில் வடிவம். பழைய டிவிப் பெட்டியின் திரை 4 பங்கு அகலம், 3 பங்கு உயரம். இன்றைய தட்டை டிவி 16 பங்கு அகலம், 9 பங்கு உயரம். உயரத்தை 9 என்றே வைத்துக்கொண்டால் பழைய படத்துக்கு 12 பங்கு அகலம் போதும். பதினாறில் பன்னிரண்டு போனால் மீதி நான்கு. இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு, கறுப்பாக நிற்கும். அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கறுப்புப் பட்டை பழுது இல்லை. படம் சரியாகத் தெரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆனால் நமக்குப் பொறுக்காது. முழு டிவிக்கும் காசு கொடுத்தோமே, ஓரம் ஏன் சும்மா கிடக்கிறது என்று ரிமோட்டில் ஒரு பொத்தானைத் தட்டுவோம். அதில் மூன்று வகை வரும். ஒன்று, ஸ்ட்ரெச் அல்லது வைட். 12 பங்கைப் பிடித்து இழுத்து 16 ஆக்கும். அதாவது மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடும், உயரம் அப்படியே இருக்கும். ஒல்லியான நடிகர்கூடப் பூசினாற்போல் ஆகிவிடுவார். இரண்டாவது, ஜூம். இது உருவத்தைக் கெடுக்காது, ஆனால் மேலும் கீழுமாகப் படத்தில் கால் பங்கை வெட்டி எறிந்துவிடும். நெற்றி போகும், எழுத்துப் போடும்போது பெயர்கள் போகும். மூன்றாவது வகை சில டிவிகளில் மட்டும் உண்டு, பனோரமா என்பார்கள். நடுப்பகுதியை விட்டுவிட்டு இரண்டு ஓரத்தை மட்டும் இழுக்கும். கதாநாயகி இடதுபக்கம் குண்டாக உள்ளே வருவார், நடுவில் மெலிவார், வலதுபக்கம் போகும்போது மறுபடி குண்டாவார். சோகக் காட்சியில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

படம் இழுபட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வட்டமான ஒன்றைத் தேடுங்கள். சுவர்க்கடிகாரம், வண்டிச் சக்கரம், நெற்றிப் பொட்டு. தூர்தர்ஷன் பதிவாக இருந்தால் இன்னும் சுலபம்: ஆரம்பத்தில் இரண்டு வளைவுகள் சுழன்று வந்து கண் போல் சேருமே, அந்தச் சின்னத்தின் நடுவில் இருக்கும் உருண்டையைப் பாருங்கள். அது வட்டமாக இருந்தால் சரி. படுத்த முட்டை மாதிரி இருந்தால் இழுத்திருக்கிறது. நின்ற முட்டை மாதிரி இருந்தால் இரண்டு முறை நசுக்கியிருக்கிறது.

இரண்டு முறை எப்படி என்றால், செட்டாப் பாக்ஸில் ஓர் அமைப்பு, டிவியில் ஓர் அமைப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமல் வேலை செய்யும். ஆகவே முதலில் டிவியை 16:9 அல்லது ஒரிஜினல் என்று வைத்துவிடுங்கள். பிறகு பாக்ஸின் மெனுவுக்குள் போய் அங்கே பில்லர் பாக்ஸ், அதாவது இரண்டு பக்கமும் பட்டை வைக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். மறுபடி வட்டத்தைப் பாருங்கள். இன்னும் படுத்த முட்டையாக இருந்தால், ஒளிபரப்பியவரே அல்லது இணையத்தில் ஏற்றியவரே இழுத்துவிட்டார் என்று பொருள். அதற்கும் வழி உண்டு. டிவியில் 4:3 என்று மாற்றுங்கள். அவர் இழுத்த அதே அளவுக்கு டிவி உள்ளே தள்ளும், படம் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். டிவிக்குள்ளேயே இருக்கும் செயலியில் பார்க்கும்போது மட்டும் பல டிவிகள் இந்த அமைப்பைத் தொட விடாது. அப்போது வேறு பதிவைத் தேடுவதுதான் வழி.

"ஓரம் போனால் படம் சின்னதாகிவிடுமே" என்பார்கள். 32 அங்குல டிவியில் பழைய வடிவப் படம் மூலைக்கு மூலை 26 அங்குலம் வரும். 43 அங்குல டிவியில் 35 அங்குலம். அந்தக் காலத்தில் 20, 21 அங்குலப் பெட்டியில் தெருவே கூடிப் பார்த்தது, நினைவிருக்கட்டும். சின்னதாகவில்லை, பெரிதாகத்தான் ஆகியிருக்கிறது.

கறுப்புப் பட்டை நாள்பட இருந்தால் திரை கெட்டுப்போகுமா என்று கேட்பவர்களுக்கு: எல்இடி டிவியில் பயமே வேண்டாம். ஓஎல்இடி திரையில் மட்டும், மாதக்கணக்கில் தினமும் பல மணி நேரம் அதே பட்டை நின்றால் நடுப்பகுதி ஓரத்தைவிடக் கூடுதலாகத் தேயும். தினம் இரண்டு எபிசோடுக்கு ஒன்றும் ஆகாது.

படத்தை வெட்டினால் என்ன பெரிய நஷ்டம் என்று இன்னும் நினைப்பவர்களுக்காக ஒரு கதை. த சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர், 1989ல் தொடங்கியது. அதில் ஒரு எபிசோட், பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கிறார்கள். மூன்று பெரிய தொட்டிகள். டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பெயர், மூன்று சரக்கு. அதில் என்ன சிரிப்பு? தொட்டிகளுக்கு மேலே பாருங்கள், மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் ஊற்றுகிறது! ஒரே பீர், மூன்று லேபிள். யாரும் வாய்திறந்து இதைச் சொல்வதில்லை, படமே சொல்கிறது. 2019ல் டிஸ்னி பிளஸ் வந்தபோது பழைய எபிசோடுகளை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிப் போட்டார்கள். குழாய் போயிற்று. மூன்று தொட்டி நிற்கிறது, சிரிப்பு எங்கே என்று தெரியவில்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். 2020 மே மாதம் பழைய வடிவத்திலேயே பார்க்கும் வசதியைக் கொண்டுவந்தார்கள். குழாயும் திரும்பியது.

அடுத்த ஆண்டே இன்னொன்று. சைன்ஃபெல்ட் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 2021ல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது, அதுவும் அகலமாக. அதில் சாலைப் பள்ளத்தை வைத்தே ஒரு எபிசோட் உண்டு, பெயரே பள்ளம்தான். பள்ளத்தைப் பார்க்கும் காட்சியில் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டுப் பள்ளத்தையே காணோம்!

சரி, வெட்டாமல் அகலமாக்க முடியாதா? சில தொடர்களில் முடியும், அவை 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. ஃபிலிமில் ஓரத்தில் கொஞ்சம் கூடுதல் படம் பதிவாகியிருக்கும். ஆனால் அந்த ஓரம் யார் கண்ணுக்கும் படாது என்று நினைத்துத்தான் எடுத்தார்கள். அங்கே விளக்குக் கம்பம் இருக்கலாம், மைக் இருக்கலாம், ஆளே இருக்கலாம். ஃபிரெண்ட்ஸ் தொடரை அகலமாக்கியபோது, நடிகைக்குப் பதிலாக நின்ற வேறு பெண் ஓரத்தில் தெரிந்தார். பஃபி தொடரில் படப்பிடிப்புக் குழுவினரே எட்டிப் பார்த்தார்கள். ஸ்டார் டிரெக்கின் நெக்ஸ்ட் ஜெனரேஷனை எச்டிக்கு மாற்றியவர்கள் புத்திசாலிகள். மூல நெகடிவிலிருந்து எல்லா எபிசோடையும் புதிதாகத் தொகுத்தார்கள், வடிவத்தை மட்டும் தொடவில்லை. இன்றும் 4:3தான், இரண்டு பக்கமும் பட்டைதான்.

கைபேசியில் இரண்டு விரலை விரித்துத் திரையை நிரப்புகிறீர்களே, அதுவும் இதே வெட்டுதான். குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் 90களின் தொடர்களில் பெரும்பாலானவை ஃபிலிமில் இல்லை, வீடியோ நாடாவில் பதிவானவை. அந்தப் பழைய முறையில் மொத்தம் 625 வரி, அதில் படம் இருப்பது 576 வரி. அதற்கு மேல் ஒரு வரிகூட எந்த அலமாரியிலும் ஒளிந்திருக்கவில்லை. ஆகவே அப்படிப்பட்ட தொடருக்கு "4கே தரத்தில்" என்று யாராவது போட்டால், இருக்கும் 576 வரியைக் கணினி ஊதிப் பெரிதாக்கியிருக்கிறது என்று அர்த்தம். சில சமயம் ஊதும்போது கண் இமை, பின்னால் இருக்கும் கடைப் பலகை எழுத்து எல்லாம் கணினியின் சொந்தக் கற்பனையாகிவிடும். ஃபிலிமில் எடுத்த தொடர் என்றால்தான் எச்டி என்ற சொல்லுக்கு மரியாதை.

அடுத்தது அந்தக் கோடு கோடாகத் தெரிகிற சமாச்சாரம். இதை ரேடியோவில் சொல்வது கஷ்டம், உங்கள் கையையே கொஞ்சம் கடன் கொடுங்கள். இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்ளுங்கள். பழைய வீடியோவில் ஒரு முழுப்படம் இப்படித்தான் உருவாகிறது. இடது கை விரல்கள் ஒற்றைப்படை வரிகள், வலது கை விரல்கள் இரட்டைப்படை வரிகள். நொடிக்கு 50 அரைப்படம், சேர்ந்தால் 25 முழுப்படம். ஆனால் இரண்டு அரைப்படமும் ஒரே கணத்தில் எடுத்தவை இல்லை, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. அதற்குள் நடிகர் கையை வீசியிருப்பார். இப்போது கோத்த கையில் ஒன்றை மட்டும் லேசாக இழுங்கள். விரல் நுனிகள் துருத்திக்கொண்டு நிற்கின்றனவா? அதுதான் திரையில் தெரியும் சீப்புப் பல்.

பழைய பெட்டி அரைப்படங்களை ஒவ்வொன்றாகத்தான் காட்டியது, அதனால் சீப்பு தெரியவில்லை. டிவிடியை நேராகப் புது டிவிக்குக் கொடுத்தால் டிவியே பிரித்துச் சரிசெய்துவிடும். கெடுப்பது நடுவில் இருப்பவர்கள்தான். இரண்டு அரைப்படத்தையும் ஒட்டவைத்து, அளவையும் மாற்றிக் கோப்பாகச் சேமித்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே ஒரே எபிசோட் இரண்டு மூன்று இடத்தில் கிடைத்தால், வரி எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். யாராவது வேகமாகக் குறுக்கே நடக்கும் காட்சியை நிறுத்திப் பாருங்கள். சீப்பு இல்லாத பதிவு, வட்டம் வட்டமாக இருக்கிற பதிவு, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 720 என்று போட்ட இழுபட்ட பதிவைவிட 480 என்று போட்ட நேர்மையான பதிவு எவ்வளவோ மேல்.

டிவி மெனுவுக்குள் இன்னும் சில இடங்கள். ஒன்று, அசைவை வழவழப்பாக்கும் வசதி. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. ஃபிலிமில் எடுத்த தொடருக்கு இதைக் கண்டிப்பாக அணைக்க வேண்டும். நொடிக்கு 24 படம் இருக்க, நடுநடுவே டிவி சொந்தமாகப் படம் வரைந்து செருகும். எல்லாம் மேடை நாடகத்தை வீடியோ எடுத்த மாதிரி ஆகிவிடும். வேகமான அசைவில் விரல்களைச் சுற்றிப் பனி மாதிரி ஒன்று மிதக்கும். இரண்டாவது, ஷார்ப்னஸ், அதாவது விளிம்புகளைக் கூர்மையாக்கும் அமைப்பு. பழைய படத்துக்கு இதைக் கூட்டவே கூடாது. பெயர் போடும் எழுத்தைப் பாருங்கள், எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறதா? அது மறையும் வரை குறையுங்கள். எண் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் பல டிவிகளில் நடுநிலை என்பது பூஜ்யம், சிலவற்றில் 50. படத்தின் பொரிப்புள்ளிகளைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்துவிடுங்கள், முகம் மெழுகுப் பொம்மை ஆகாமல் தப்பிக்கும். விவிட் என்ற முறையை விட்டு சினிமா அல்லது மூவி முறைக்கு வாருங்கள். முதல் பத்து நிமிடம் மங்கலாகத் தோன்றும், பிறகு கண் பழகிவிடும்.

அறிவிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒலியைப் பற்றியும் வீட்டு வீடியோ கேசட்டுகளைப் பற்றியும் விரிவாகச் சொல்வதாக இருந்தேன், பட்டையிலேயே நேரம் போய்விட்டது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒலி: அந்தத் தொடர்களில் பல மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிவான ஒலி. சரவுண்ட், விர்ச்சுவல் எல்லாவற்றையும் அணையுங்கள், வசனம் தெளிவாகும்.

கேசட்: தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த விஎச்எஸ் நாடா வீட்டில் இருந்தால், கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. பிளேயரில் போடவே போடாதீர்கள். நாடாவும் கிழியலாம், பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட் வழியாக மற்ற கேசட்டுகளுக்கும் தொற்றும். சுத்தமாக இருந்தால் ஒரு முறை கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றி, அதன் பிறகு போடுங்கள். கணினிக்கு மாற்றித் தருபவரிடம் 720க்கு 576, நொடிக்கு 25 படம், அரைப்படங்களை ஒட்டாமல் அப்படியே வேண்டும் என்று கேளுங்கள். படத்தின் அடியில் ஒரு பட்டை துடித்துக்கொண்டே இருக்கும். அது ஒரு ஹெட்டிலிருந்து இன்னொரு ஹெட்டுக்கு மாறும் இடம், பழைய பெட்டியில் திரையின் விளிம்புக்குள் மறைந்திருந்தது. அதற்காக வெட்டச் சொல்லாதீர்கள். மாற்றி முடித்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாமல், புத்தகம் போல நிற்கவைத்து, ஈரமில்லாத இடத்தில் வைத்திருங்கள்.

மணி அடித்துவிட்டது. வணக்கம்.