சித்திரம் படிச்சு என்ன செய்யப்போறாய்?

வணக்கம் நேயர்களே. புதுக்குடியிருப்பு, மல்லாவி, கிளிநொச்சி எண்டு எங்கயிருந்து கேட்டாலும், அடுப்படியில நிண்டு கேட்டாலும், எல்லாருக்கும் வணக்கம்.

சித்திரம் படிச்சு என்ன செய்யப்போறாய்? ஏ/எல் எழுதின பிள்ளையிட்ட இதைக் கேக்காத வீடு வன்னியில இருக்காது, எங்கட அம்மாவும் கேட்டவதான். கேள்வி நியாயமானது. போர்ட் எழுதவும் திருவிழாவுக்குக் கட்அவுட் கீறவும் யாழ்ப்பாணத்து மருதனார்மடம் வரைக்கும் போய்ப் படிக்கத் தேவையில்லை, அதை நான் முள்ளியவளையில ஒரு அண்ணையிட்ட நிண்டே பழகிட்டன்.

பிறகு ஏன் போனனான்? சொல்லுறன். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1960ல தொடங்கினது, 1975ல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்தது. அங்க போன புதுசில படிப்பிக்கிற சேர் ஒராள் நீலத் தறப்பாள் ஒண்டைக் கதிரையில எறிஞ்சுபோட்டு, கரியால கீறுங்கோ எண்டிட்டுப் போயிட்டார். தறப்பாள்! அதுக்குக் கீழ குடும்பமா இருந்த ஆக்கள் நாங்கள், உங்களுக்கும் சொல்லத் தேவையில்லை, அதை இழுத்துக் கட்டத் தெரியும், ஒழுகினா ஒட்டத் தெரியும், ஆனா ஒரு நாளாவது இருந்து பாத்தனாங்களோ? மடிப்பின்ர முதுகில நீலம் வெளிறி வெள்ளையா நிக்குது, பள்ளத்தில கறுப்பா இறங்குது, கயிறு போடுற கண்ணியைச் சுத்தி சுருக்கம் நாலு பக்கமும் ஓடுது. அழிக்கிறதுக்குப் பாணின்ர உள்பக்கத்தைப் பிசைஞ்சு ஒத்தி எடுப்பம், பாதிப் பாண் வயித்துக்கத்தான் போகும், அது வேற கதை.

பின்னேரம் எல்லாத்தையும் சுவரில குத்துவினம். கீறின ஆள் வாய் திறக்கக்கூடாது, மற்றவை வடிவா இருக்கு எண்டு சொல்லித் தப்பவும் ஏலாது, எங்க, ஏன் எண்டு சொல்லோணும். ஊரில போர்ட் எழுதினா முதலாளி நல்லம் எண்டு காசு தருவார், இல்லாட்டி எழுத்துச் சின்னன் எண்டு குறைப்பார், அவ்வளவுதான். உங்கட படத்தைப் பத்துப் பேர் நிண்டு பாத்து ஞாயம் சொல்லுறதை, அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுறன், வேற எங்கயும் காசு குடுத்தும் வாங்கேலாது. இண்டைக்கு ஒராள் டிசைனை மாத்து எண்டா எனக்குக் கோபம் வாறேல்ல, எந்த இடம் உறுத்துது எண்டுதான் கேப்பன். 1919ல ஜேர்மனியில தொடங்கின பௌஹவுஸ் எண்ட கலைப் பள்ளியிலயும் வந்த பிள்ளையள் முதல் ஆறு மாதம் பொது அடிப்படை வகுப்பில மரம், கம்பி, கடுதாசியோட இருந்திட்டுத்தான் பட்டறைக்குப் போனவை. நீங்களும் அவசரப்பட்டு உங்கட முதல் வருசத்தைக் கடத்தாதேங்கோ.

இன்னொண்டு, சுவருக்கு முன்னால என்னைக் கிழிச்ச பெடியள்தான் இப்ப எனக்கு வேலை தாறது. மேடை போடுறவர், அச்சகம் வைச்சிருக்கிறவர், எல்லாம் அந்த வகுப்புத்தான்.

வேலைக்கு விலை சொல்லுறதைப் பற்றியும் எழுதிக்கொண்டு வந்தனான், கண்ணாடிக்கு அங்கால தம்பி கையைக் காட்டிறார். கெதியாச் சொல்லுறன், யாழ்ப்பாணம் கிடைக்காட்டி மட்டக்களப்பில விபுலானந்தா அழகியல் நிறுவகம் இருக்கு, அழகியல் ஆசிரியர் வேலை ஒரு வழி, அது மட்டும் வழியில்ல, பாதி முற்பணம் வாங்காமல் தூரிகையை நனைக்காதேங்கோ, மிச்சம்... சரி தம்பி, முடிச்சிட்டன். வணக்கம்.