பதினோராம் வகுப்பை இனி யார் பார்ப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் 2017–18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. ஏன் வந்தது? தனியார் மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் அந்த ஆண்டின் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்தார்கள். பாடக்குறிப்பேட்டில் பதினோராம் வகுப்பு நடந்தது, கரும்பலகையில் நடக்கவில்லை. குறிப்பேட்டில் கையொப்பம் இட்டவர்களுக்கும் இது தெரியும்.

2025–26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இத்தனை நாள் தேர்வு பார்த்துக்கொண்ட காவலை இனி பள்ளி முதல்வர்தான் பார்க்க வேண்டும்.

அங்கீகாரம் புதுப்பிக்கும்போது கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கேட்கிறார்கள். 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த மாநிலம் இது. அவற்றில் ஒன்றைக்கூடத் தளர்த்தக் கூடாது. வகுப்பறைக்குள் பாடம் எப்படி நடக்கிறது என்பதற்குத்தான் எந்தச் சான்றும் இல்லை.

பல பள்ளிகளில் இப்போது முதல்வர் அறையில் கேமராத் திரை இருக்கிறது. ஆசிரியர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா என்பதை அது காட்டும். வெக்டர் புரியாமல் விழிக்கும் மாணவியை அது காட்டாது. வராந்தாவில் ஒரு நடை நடந்து வருவதும் அப்படித்தான்.

முதல்வர் ஒரு பாடவேளை முழுவதும் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். ஆசிரியரைப் பார்ப்பதைவிடப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். கேள்விகள் முன்வரிசைக்கு மட்டும் போகின்றனவா? கேள்வி கேட்டபின் பிள்ளை யோசிக்க ஆசிரியர் நேரம் தருகிறாரா, தாமே விடை சொல்லிவிடுகிறாரா? பக்கத்து மாணவனின் நோட்டைப் புரட்டினால் கடந்த வாரப் பாடமும் தெரிந்துவிடும். வகுப்பில் வைத்து ஆசிரியரை ஒரு வார்த்தை திருத்தக் கூடாது. அன்றே, அவருடைய ஓய்வுப் பாடவேளையில் தனியாக அழைத்துப் பேச வேண்டும். நன்றாக இருந்ததை முதலில் சொல்லி, மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் சொன்னால் போதும். பத்துக் குறைகளை அடுக்கினால், குறைந்த சம்பளத்தில் நாளெல்லாம் நின்று பேசும் ஓர் இளம் ஆசிரியை அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்குப் போய்விடுவார். போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஆசிரியர்கள் அவர்கள்.

தாளாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கை, கட்டண வசூல், வேன் தகராறு எல்லாவற்றையும் முதல்வர் தலையில் கட்டிவிட்டுக் கற்பித்தலையும் பாருங்கள் என்றால் எப்படி முடியும்? நாளுக்கு ஒரு பாடவேளையாவது அவரை வகுப்பறைக்கு விடுங்கள். அவர் எழுதும் குறிப்பைச் சம்பள உயர்வோடு முடிச்சுப் போடாதீர்கள். போட்டால் அவர் வரும் நாளில் மட்டும் ஒத்திகை பார்த்த பாடம் நடக்கும்.

பதினோராம் வகுப்புப் பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலோடு இயற்பியல் நோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதல் பக்கத்தில் அளவீட்டியல் இருந்தால் சரி. நிலைமின்னியல் இருந்தால் அது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். நேரே முதல்வரிடம் போய்க் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.