சொட்டும் இடமும் கசியும் இடமும்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் ஆட்டோமேட்டிக் கார்கள் பல, உரிமையாளர் வெளியூரில் இருப்பதால், மாதக்கணக்கில் நின்றபடியே இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு கியர்பாக்ஸ் மாற்றிய சில நாட்களில் அடியில் எண்ணெய் சொட்டினால், மாற்றிய பெட்டியே பழுது என்று முடிவுகட்டி உடனே மறுபடி இறக்கச் சொல்லிவிடுகிறார்கள். அப்படி இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

முதலில் சொட்டுவது எந்த எண்ணெய் என்று தெரிய வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு, இஞ்சின் ஆயில் பழுப்பிலிருந்து கருப்பு வரை இருக்கும், ஏ.சி. தண்ணீருக்கு நிறமும் பிசுக்கும் இல்லை. நம் ஊர்ச் செம்மண் புழுதி படிந்துவிட்டால் அடிப்பாகத்தில் எல்லாமே சிவப்பாகத் தெரியும் என்பதால், வண்டியின் கீழே வெள்ளை அட்டையை விரித்து, புதிதாக விழும் துளியைப் பார்ப்பதே சரி. ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் வண்டியை நிறுத்துவோருக்கு அட்டை இன்னொரு வகையிலும் அவசியம். அந்தக் கல் எண்ணெயை உறிஞ்சினால் கறை எளிதில் போகாது. சில வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்கிலும் இதே சிவப்பு எண்ணெய்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நாட்டு ஓட்டு வீட்டில் ஓடு விலகிய இடம் ஒன்றாகவும் தண்ணீர் சொட்டும் இடம் வேறாகவும் இருப்பதுபோல, இங்கும் எண்ணெய் மேலிருந்து வழிந்து, ஓட்டத்தில் காற்றடித்துப் பின்னுக்குப் பரவி, எங்கோ ஒரு போல்ட்டின் நுனியில்தான் சொட்டும். ஆகவே அடிப்பாகம் முழுவதையும் கழுவி உலரவைத்து, சிறிது தூரம் ஓட்டிவிட்டு, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்துக் கீழே சென்று, ஈரம் தொடங்கும் மிக உயரமான, மிக முன்னால் உள்ள இடத்தைத் தேட வேண்டும்.

எப்போது ஒழுகுகிறது என்பதும் துப்புக் கொடுக்கும். இஞ்சின் ஓடும்போது மட்டும் ஒழுகினால் அழுத்தம் உள்ள பகுதிகளை, குறிப்பாக எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் பைப் இணைப்புகளை, முதலில் பாருங்கள். கழற்றி மாட்டும்போது பழைய வாஷரையே திரும்பப் போட்டிருந்தால் அங்கே கசியும். பல நாள் நின்ற பின் மட்டும் ஒழுகினால், இஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் இருந்த எண்ணெய் கீழ்த்தொட்டிக்கு இறங்கி மட்டம் உயர்ந்திருக்கலாம். அப்போது மேலே உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், கியர் லீவர் தண்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் போன்றவற்றைச் சோதிக்க வேண்டும். சக்கரத்துக்குச் செல்லும் ஆக்ஸிலைப் பெட்டியில் செருகும்போது சாய்வாகத் தள்ளினால் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள ஆயில் சீலின் உதடு கிழிந்துபோகும். அதைப் பெட்டியை இறக்காமலே மாற்றலாம்.

எண்ணெய் அதிகமாக ஊற்றப்பட்டிருந்தால் நுரைத்துப் பிரீதர் என்ற காற்றுத்துளை வழியே வெளியேறும்; பார்ப்பவருக்கு அது சீல் பழுதாகவே தோன்றும். டிப்ஸ்டிக் என்ற அளவுக்குச்சி இல்லாத பல வண்டிகளில் எண்ணெய் சுமார் 40 டிகிரி சூட்டில் இருக்கும்போது, இஞ்சினை ஓடவிட்டு மட்டம் பார்க்க வேண்டும். மே மாதத்து மதியத்தில் நம் ஊர் வெயிலே ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிடும் என்பதால், இந்த வேலையை விடியற்காலையில் செய்வதே நல்லது. கையேட்டில் உள்ள முறை வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் சிவப்பு எண்ணெய் வந்தால்தான் பெட்டியை இறக்கும் பேச்சு வரும். பெட்டியை ஏற்றும்போது கன்வெர்ட்டரைச் சுழற்றிச் சுழற்றி, அது படிப்படியாக உள்ளே இறங்கி முழுதாக அமரும் வரை பொறுமை வேண்டும். அமராமலே போல்ட்டை முறுக்கி இழுத்தால் பெட்டியின் முன் சீல் மட்டுமன்றி எண்ணெய்ப் பம்பும் உடையலாம். மறுபடி இறக்கியதும், அந்த முன் சீலுக்குள் செல்லும் கன்வெர்ட்டர் கழுத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், எத்தனை புது சீல் போட்டாலும் அங்கே கசியும். கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டும். இஞ்சினின் பின் சீலும் அப்போது கைக்கு எட்டும் என்பதால், அதையும் சேர்த்து மாற்றிவிடச் சொல்லுங்கள். வணக்கம்.